பிரேக் ஷூ பெட்டிக்குள் வைத்த தாள்

அந்தத் திங்கட்கிழமை காலை புகார் அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் பிரிவுத் தலைவி வசந்தா மேடம். தராசுப் பக்கம் ஸ்டோர்ஸ் புஷ்பராஜ் அண்ணன். கதவோரம், உட்காரச் சொல்லியும் உட்காராமல், மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி சேலையூரிலிருந்து வந்திருந்த மணி என்பவர். அப்புறம் நான். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை.

இருந்திருக்க வேண்டிய மூன்று பேர் இல்லை. மணியின் அக்கா புருஷன் ராமலிங்கம் வரவில்லை. பையிலிருந்த பிரேக் ஷூக்களைத் தன் வீட்டு வாசலில் தானே மாட்டியவர் அவர்தான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அவர் மனைவி சரோஜா வரவில்லை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மூன்றாவது, எங்கள் விற்பனைப் பிரிவு சுந்தரம் சார். விழுப்புரம் பக்கம் டூர் போயிருந்தார். அவர் அங்கே இல்லாதது எனக்கு எவ்வளவு வசதி என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. போன மாதம் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் தாம்பரம் ஸ்டேஷனில் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் கம்பெனி கணக்கில் நான் ஓய்வு பெற்றவன்தான். இப்போது வருகிற மோட்டார் சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் வந்துவிட்டது; ஷூ போய் பேட் வருகிறது. என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் வீடு தேடி வந்து, “சார், பேட் பாக்கெட்டுக்குள்ள தமிழ்ல ஒரு தாள் வைக்கணுமாம். நீங்கதான் அந்தக் காலத்துல எழுதினீங்களாமே, எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க” என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா திரிசூலம் மலையில் கல்குவாரியில் துளை போடும் மிஷின் பிடித்தவர். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தேன். ஓராண்டு வேலை தேடி அலைந்தபின், குரோம்பேட்டை தாண்டி இருந்த அந்தப் பிரேக் லைனிங் தொழிற்சாலையில் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதப் பயிற்சியில் நான் கற்றது, தடிமன் அளக்கும் வெர்னியரை நேராகப் பிடிப்பதும் யாரிடம் பேனாவைக் கடன் கேட்கக் கூடாது என்பதும்தான். பிறகு புகார்ப் பிரிவில் போட்டார்கள். சந்தையிலிருந்து திரும்பி வரும் ஷூக்களைப் பார்த்து, ஏன் தேய்ந்தது, ஏன் கத்துகிறது, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுகிற இடம்.

வசந்தா மேடம் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதல். குரல் உயர்த்தியது கிடையாது. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால், வைக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். திரும்பி வந்த ஷூவை யாரும் லைனிங் மேல், சக்கரத்து டிரம்மில் உரசிப் பிடிக்கிற அந்தப் பட்டைமேல், விரல் படப் பிடிக்கக் கூடாது. ஓரத்தில் அலுமினியத்தைத்தான் பிடிக்க வேண்டும். முதலில் மோந்து பார்க்க வேண்டும். அப்புறம் ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்க்க வேண்டும், பளபளப்பு எங்கே என்று. அதற்குப் பிறகுதான் வெர்னியர். “நம்பரை மொதல்ல எடுத்துட்டா அப்புறம் மூக்கு வேலை செய்யாது” என்பார்.

அவர் வைத்திருந்த புகார்ப் பதிவேட்டில் ‘யார் தவறு’ என்று ஒரு கட்டம் கிடையாது. மற்ற கம்பெனிகளில் அதுதான் முதல் கட்டமாக இருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இவர் பதிவேட்டில் இரண்டே முக்கியக் கட்டங்கள். ஒன்று, ‘என்ன செய்தார்கள்.’ மற்றது, ‘ஏன் அது சரி என்று நினைத்தார்கள்.’ இரண்டாவதில் ‘தெரியாமல்’ என்று எழுதினால் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். “தெரியாமன்னா இன்னா அர்த்தம்? ஒருத்தன் ஏதோ ஒண்ணு தெரிஞ்சுதான செய்வான்?” அவருக்குக் கோபம் வரும்போது மட்டும் அந்த ‘இன்னா’ வரும்.

மணி பையிலிருந்து நான்கு ஷூக்களை எடுத்து வைத்தார். முன் சக்கரத்துக்கு இரண்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு. “ரெண்டு சக்கரமும் ஒரே நாள்ல மாத்திச்சு மேடம், மாமா. ஞாயித்துக்கெழம. புதன்கெழம அக்காவ ஏத்திகினு கோவிலம்பாக்கம் போய்கினு இருந்துச்சு. கேம்ப் ரோடுல முன்னாடி போன பஸ்ஸு நின்னுட்ச்சு. இது ரெண்டு பிரேக்கையும் புட்ச்சிருக்குது. வண்டி நிக்கல. ஹேண்டில்பார ஒடிச்சு மணல் மேல வுட்ருக்குது. அக்கா கைய ஊனி வுழுந்துச்சு.”

மேடம் ஒரு ஷூவை ஓரம் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். என்னிடம் நீட்டினார். மோந்தேன். எங்கள் வீட்டுச் சமையலறை வாசனை.

“கிருஷ்ணாயில்” என்றார் புஷ்பராஜ் அண்ணன், நாலடி தள்ளி நின்றபடியே.

லைனிங்கில் ஒரு துணுக்கை வெட்டி, எடை போட்டு, குடுவையில் கரைப்பானில் ஊற வைத்து, மறுபடி உலர்த்தி எடை போட வேண்டும். எண்ணெய் குடித்திருந்தால் எடை குறையும். குறைந்தது. ஆனால் அதற்கு முன்பே மேடம் மணியிடம் கேட்டார்: “உங்க மாமா மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சாரா?”

“ஆமா மேடம். டிரம்மு, ஷூவு எல்லாம் நல்லாத் தொடச்சுது.”

“ஏன்?”

மணி அதற்காகவே காத்திருந்தவர்போலச் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்தார். மஞ்சள் தாள். நீல மசி. பெட்டிக்குள் வைக்கிற எங்கள் தாள். விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

‘4. டிரம்மின் உட்புறத்தையும் ஷூக்களையும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைக்கவும்.’

அடுத்த வரி அதைவிட மோசம். ‘புதிய ஷூக்கள் முதல் சில நாட்களுக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். அஞ்ச வேண்டாம்.’ அதாவது, பிரேக் பிடிக்கவில்லை என்று ராமலிங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கும். தாள் அஞ்ச வேண்டாம் என்றது, அவர் அஞ்சவில்லை.

“யார் எழுதினது இது?” என்றார் மேடம்.

“சேல்ஸ்ல கேக்கணும் மேடம்” என்றேன்.

பொய் இல்லை, சேல்ஸில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மூன்று மாதம் முன்பு சுந்தரம் சார் என்னைக் கேண்டீனில் பிடித்தார். காலனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் தாங்களே கழற்றிப் பார்க்கிறார்கள், பெட்டிக்குள் தமிழில் ஒரு தாள் வைத்தால் விற்கும் என்று அவருக்கு ஒரு யோசனை. “நீ நல்லாத் தமிழ் எழுதுவியாமே” என்று ஆங்கிலக் குறிப்பை நீட்டினார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அதில் ‘எண்ணெய்ப் பசையற்ற கரைப்பான்’ என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. அதை அப்படியே எழுதினால் சேலையூரில் யாருக்குப் புரியும்? எல்லோர் வீட்டிலும் இருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துத்தான் எழுதினேன். அச்சாகி வந்த அன்று ஒரு தாளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பாவுக்குப் படிக்க வராது. வாங்கி, எந்தப் பக்கம் மேலே என்று கேட்டு, காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அந்தப் புகாரைப் பதிவேட்டில் நான்தான் எழுத வேண்டியிருந்தது; இரண்டு நாள் இழுத்தேன். ‘என்ன செய்தார்கள்’ கட்டத்தை நிரப்பிவிட்டேன். மற்றக் கட்டத்தில் ‘பெட்டியிலிருந்த தாளில் அவ்வாறு இருந்தது’ என்று எழுதிக்கொண்டு போனேன்.

மேடம் படித்தார். “சரி. இது ராமலிங்கத்துக்கு. இன்னும் ஒரு ஆள் இருக்கான் இல்ல? தாள் எழுதினவன். அவன் ஏன் சரின்னு நெனச்சான்?”

நான் பேனா மூடியைத் திருகினேன்.

“சேல்ஸ்ல கேட்டியா?”

“இல்ல மேடம்.”

“சுந்தரம் நாளைக்கு வந்துடுவாரு. நான் கேக்கட்டுமா?”

கண்ணாடி இன்னும் அவர் முகத்திலேயே இருந்தது. எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. என் மனதில் ஓடியதெல்லாம் கேவலமான கணக்கு: நிரந்தரமாக இன்னும் ஐந்து மாதம், வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வருவதே முதல் தடவை, சுந்தரம் சார் என் பெயரைச் சொல்லாமல்கூட விடலாம்.

“எங்க வீட்ல இரும்புன்னா மண்ணெண்ணெய்தான் மேடம்” என்றேன். “அப்பா மிஷின் சாமான அதுலதான் ஊறப் போட்டுத் தொடைப்பாரு. சைக்கிள் செயின் அதுலதான். நான் வேற எதையும் யோசிக்கல.”

மேடம் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். “அதை எழுது. அப்பா, சைக்கிள் செயின் எல்லாம் வரணும்.”

எழுதினேன். அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் தொடர்ந்தேன். அவர் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏன் மறைத்தாய் என்று நான் எதிர்பார்த்ததைக் கேட்கவில்லை. “எத்தனை பெட்டி வெளியில போயிருக்கு?” என்றார். பிறகு, “பிடிக்கலன்னு முன்னாடி வந்த லெட்டர் ஏதாவது?” மூன்று வந்திருந்தது. மூன்றுக்கும் ‘புதிது என்பதால் அப்படித்தான் இருக்கும்’ என்று பதில் போட்டவன் நான்தான். அதையும் எடுத்து வைத்தேன்.

மறுநாள் புது ஷூ இரண்டு செட்டோடு சேலையூருக்குப் போனேன். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே நாலாவது சந்து. ஜன்னலோரம் தையல் மிஷின், அதன்மேல் தைக்காத துணிகளின் குவியல். வாசலில் வண்டி, சாக்குப் போர்த்தி நின்றது. ராமலிங்கம் ரயில்வே ஷெட்டில் கலாசி. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“இன்னா தம்பி, கம்பெனியாண்டயிருந்தா? நான் தப்பா மாட்டிட்டேன், அதானே? சொல்ட்டுப் போ.”

“நீங்க தப்பா மாட்டலீங்க. தாள்ல தப்பு. அதை எழுதினது நான்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளேயிருந்து சரோஜா வந்து நிலைப்படியில் நின்றார். கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கியிருந்தார்.

“கேட்டியா?” என்றார் கணவரிடம். என் பக்கம் திரும்பி, “இவரு பெட்ரோல்ல தொடைக்கறேன்னுதான் சொன்னாரு. டேங்குலேர்ந்து புட்ச்சு பாட்டில்ல வெச்சுகினாரு. நான்தான் தாளைப் படிச்சேன். நான் எட்டாவது. ‘அச்சுல போட்டுகீது, நீ இன்னா பெரிய இஞ்சினியரா, அதும்படி செய்யி’ன்னு சொல்லி ஸ்டவ்லேர்ந்து நானே ஊத்திக் குடுத்தேன்” என்றார்.

ராமலிங்கம் தரையைப் பார்த்தார். “அத்த வுடு.”

“இன்னாத்த வுடறது? ஒரு வாரமா நீ உன்னாலன்னு சோறு துன்னாம கீற. நான் என்னாலன்னு வாயத் தொறக்காம கீறேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்துப் படித்ததுபோல இருந்தது; எனக்கே கேட்டது. ராமலிங்கம் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு ஸ்பானர் பையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார்.

“நீதான எழுதுன? நீயே மாட்டு. உன் தாளப் பாத்துகினே மாட்டு. ஏய், படி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நூற்றுக்கணக்கான ஷூக்களை மேசைமேல் அளந்திருக்கிறேன். ஒரு சக்கரத்திலிருந்துகூட நான் கழற்றியதில்லை. எங்கள் வீட்டில் வண்டி ஏது?

சரோஜா நிலைப்படியில் உட்கார்ந்து இடது கையில் தாளை வைத்துக்கொண்டு படித்தார். “ஒண்ணு. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தவும்.” நிறுத்தினேன். “ரெண்டு. பிரேக் கம்பியின் திருகைக் கழற்றவும்.” திருகு கழன்றதும் கம்பியிலிருந்த சின்ன ஸ்பிரிங் தெறித்துச் சாக்கடை ஓரம் விழுந்தது. தாளில் ஸ்பிரிங் இல்லை. ராமலிங்கம் போய் எடுத்துவந்து என் சட்டைப் பையில் போட்டார்.

“மூணு. அச்சை உருவி, சக்கரத்தை வெளியே எடுக்கவும்.”

அச்சை உருவினேன். சக்கரம் வரவில்லை. மட்கார்டில் இடித்தது. இழுத்தேன், திருப்பினேன், உட்கார்ந்து காலால் உதைத்துப் பார்த்தேன்.

“அதுல வேற இன்னா போட்டுகீது?” என்றார் ராமலிங்கம்.

“அவ்ளோதான். அடுத்தது நாலு” என்றார் சரோஜா.

“ரெண்டாவது ஆளு வண்டிய சாய்ச்சுப் புடிக்கணும்னு போடலியா?”

“போடல.”

“அப்ப இவன் நாளைக்கு வரைக்கும் இங்கதான்.” சிறிது நேரம் என்னை அப்படியே விட்டுவிட்டு, பிறகு வந்து வண்டியைத் தன் இடுப்பில் சாய்த்துப் பிடித்தார். சக்கரம் தானாகக் கையில் வந்தது.

புது ஷூக்களைப் புத்தகம் மடிப்பதுபோல நடுவில் மடித்துத்தான், டிரம்மை மூடும் பிரேக் தட்டில் உட்கார வைக்க வேண்டும். நேராக அழுத்தினால் இரண்டு ஸ்பிரிங்கும் விரலைக் கடிக்கும். என்னைக் கடித்தது. தட்டின் அச்சுக்கும், ஷூவை விரிக்கத் திரும்பும் கட்டைக்கும் மட்டும் அரிசியளவு கிரீஸ். லைனிங்கில் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. டிரம்மை நான் பெட்ரோல் துணியால் துடைத்தேன். துணியைத் திருப்பி மறுபடி துடைத்தேன். வெயிலில் காய வைத்தேன். சரோஜா கேட்டார்: “இதும் எண்ணெதான, அதும் எண்ணெதான?”

“பெட்ரோல் ஆவியாப் பறந்துடுங்க. மண்ணெண்ணெய் பறக்காது. பசை தங்கிடும். லைனிங் அதைக் குடிச்சுடும்.”

“இந்த ஒரு வரி தாள்ல இருந்துச்சுன்னா நான் ஊத்திக் குடுத்திருப்பனா?”

பத்துச் சொல் சேர்த்திருந்தால் போதும் என்று அன்று சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன்.

இரண்டு சக்கரமும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பெடலை அழுத்தினால் ஒரு அங்குலம் போனபின் பிடிக்கிற மாதிரி ராமலிங்கம் தன் கையால் திருகினார்; அதை என்னிடம் விடவில்லை. சந்து முனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து வாசலில் நிறுத்தினார். நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். “ஏறுறியா?” சரோஜா தலையாட்டினார், வேண்டாம் என்று. “கட்டு பிரிக்கட்டும்.”

அடுத்த பதினோரு நாள் நானும் புஷ்பராஜ் அண்ணனும் பஸ்ஸிலும் சைக்கிளிலுமாகத் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பல்லாவரம் என்று உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். பெட்டியைப் பிரித்து மஞ்சள் தாளை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் வைப்பது வேலை. கடைக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். “எந்த மெக்கானிக்குப்பா உங்க தாளைப் படிக்கறான்?” என்றார் ஒருவர். அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, வெட்கத்தோடு. புதுத் தாளை நான் எழுதவில்லை. அதாவது, நான் எழுதினேன். மேடம் அதை ஸ்டோர்ஸிலிருந்த, மோட்டார் சைக்கிளே ஓட்டத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துக் கழற்றி மாட்டச் சொல்லிவிட்டு, அவர் எங்கெல்லாம் நிமிர்ந்து பார்த்தாரோ அங்கெல்லாம் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஒன்பது தடவை நிமிர்ந்தார். பேட் பாக்கெட்டுக்குத் தாள் எழுதப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: டிஸ்க்கை எதால் துடைப்பது என்று எழுதும்போது, எதால் துடைக்கக் கூடாது என்பதையும், ஏன் என்பதையும் எழுதுங்கள். பிறகு தாளைத் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள்.

என் நிரந்தரத்தை ஆறு மாதம் தள்ளிப் போட்டார்கள். காலண்டருக்குப் பின்னாலிருந்த தாளை எடுக்கப் போனபோது அப்பா ஏன் என்று கேட்டார். சொன்னேன். “மண்ணெண்ணெ போட்டா தப்பா?” என்று நெடுநேரம் யோசித்தார்.

கடைசியாக, நஷ்ட ஈடு. மேலாளர் ஐந்நூறு ரூபாயைக் கவரில் போட்டு, டைப் அடித்த ஒரு காகிதத்தையும் கொடுத்தனுப்பினார். இதற்கு மேல் கேட்க மாட்டேன் என்றும், பொருளிலோ குறிப்பிலோ குறை எதுவும் இல்லை என்றும் அதில் இருந்தது. சரோஜா என்னை அதை உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு தானே வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார்.

“கொற இல்லன்னு போட்டுகீதே?”

“அது வழக்கமா எழுதறதுங்க.”

“அன்னிக்கும் போட்டுகீதுன்னுதான் நம்பினேன்” என்றார். “கொற இல்லன்னா எதுக்குக் காசு? எடுத்துகினு போ.”

திரும்பப் போய் மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேலாளர் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது அந்த வரி கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் இரண்டு பேரின் கையெழுத்து இருந்தது. மறுபடி சேலையூர். இந்தத் தடவை சரோஜா கவரையே வாங்கவில்லை. எவ்வளவு ஆனதோ அது போதும் என்றார். ராமலிங்கம், “குடுக்கறத வாங்கிக்கயேன்” என்று முணுமுணுத்தார்.

“ஐந்நூறு வாங்கினா ஐந்நூறுக்கு வுழுந்த மாதிரி ஆய்டும். நீ எழுதிக்க, தம்பி.”

அவர் சொல்லச் சொல்ல, அந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதினேன். டாக்டர், எக்ஸ்ரே, மாவுக்கட்டு: நூற்று நாற்பத்தெட்டு. ஆட்டோ போக வர: இருபத்து நான்கு. தைக்க முடியாமல் திருப்பிக் கொடுத்த ரவிக்கை, சாதா ஆறு, ஏழு ரூபாய் வீதம் நாற்பத்திரண்டு. லைனிங் வைத்தது மூன்று, பன்னிரண்டு ரூபாய் வீதம் முப்பத்தாறு. உடைந்த கண்ணாடி வளையல் ஒரு டஜன், மூன்று ரூபாய் ஐம்பது காசு. கூட்டிச் சொன்னேன். மறுபடி கூட்டச் சொன்னார். அப்புறம் இடது கையால், எழுத்து எழுத்தாக, கையெழுத்துப் போட்டார்.

இருநூற்று ஐம்பத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு.